கிளிக்கு ஏன் வாய் எரிவதில்லை?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு வந்த வாசகர் ஒருவர், பக்கத்துத் தோட்டத்தில் கிளிகள் மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்பதைப் பார்த்திருக்கிறார். "அவற்றுக்கு வாய் எரியாதா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். எனக்கும் தீராத ஆசையுள்ள விஷயம் இது.

எரியாது. காரம் என்பது சுவையே அல்ல, சூட்டு வலி. நம் நாக்கின் நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. ஏறக்குறைய 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் அது திறந்து, "சுடுகிறது" என்று மூளைக்குச் சேதி அனுப்பும். எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு சாவி போட்டாலும் திறக்கும், வளைத்த கம்பியை விட்டு நெம்பினாலும் திறக்கும். சூடு சாவி என்றால், மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின்தான் அந்தக் கம்பி. 1997-இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. பறவைகளுக்கும் இதே கதவு உண்டு. ஆனால் அது சாவிக்கு மட்டுமே திறக்கும்.

செடிக்கு இதில் லாபம் இருக்கிறது. எலி தின்றால் விதை பல்லில் அரைபட்டு வீணாகும். பறவை முழுசாக விழுங்கி, வேறெங்கோ எச்சத்தோடு போட்டால் முளைக்கும். கிளி விதையையும் நொறுக்கிவிடுவதால், காந்தாரி மிளகாயைப் பரப்புவதில் கொண்டைக்குருவியே கெட்டி.

மிளகாய்ப் பழம் ஒன்றை வாங்கி நீளவாக்கில் கீறிப் பாருங்கள். காம்பை ஒட்டி விதைகளைத் தாங்கும் வெள்ளைத் தண்டும், அதிலிருந்து இறங்கும் சவ்வும் தெரியும். வெயிலில் சாய்த்தால் சவ்வின் மேல் மஞ்சளாகச் சிறு துளிகள் மினுங்கும். காரம் ஊறும் இடம் அதுதான். விதையில் காரம் பிறப்பதில்லை, ஒட்டிக்கொள்கிறது. பழத்தின் நுனியைக் கடித்தால் அவ்வளவாக உறைக்காது. காம்புப் பக்கம் கடித்தவர்கள் தண்ணீருக்கு ஓடவேண்டாம். கேப்சைசின் நீரில் கரையாது, மோர் குடியுங்கள்.

பொலிவியக் காட்டு மிளகாயில் செய்த ஆய்வு ஒன்று, விதையை அழிக்கும் பூஞ்சையையும் காரம் தடுப்பதாக 2008-இல் காட்டியது. செடி தன் விதைக்கு இவ்வளவு காவல் போட்டிருக்க, நாமோ பறித்த பழத்தை ஈரத்தோடு குவித்து வைக்கிறோம், தார்ச்சாலையில் லாரிப் புழுதியில் காயப்போடுகிறோம். அரைகுறையாகக் காய்ந்த வத்தலில் வேறு பூஞ்சைகள் பிடிக்கும். அவை விடும் அஃப்ளாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது. இது போதாதென்று நிறத்துக்காகச் சாயம் வேறு. 2003-இல் இந்திய மிளகாய்த் தூளில் சூடான் என்னும் சாயம் இருப்பதை ஐரோப்பாவில் கண்டுபிடித்தார்கள். உழவர் கொளுத்தும் வெயிலில் குனிந்து ஒவ்வொன்றாகப் பறித்த பழத்துக்கு இந்தக் கதி வரக்கூடாது. ஊருக்கு ஊர் சிமெண்டுக் களமும் தார்ப்பாயும் கிடைத்தாலே பாதிக் கேடு ஒழியும்.

வாங்குகிறவர்கள் செய்யவும் ஒன்று உண்டு. தூளாக வாங்காதீர்கள். காம்போடு வத்தலாக வாங்கி, இரண்டை உடைத்துப் பாருங்கள். உள்ளே சாம்பல் பூத்திருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். நன்றாக இருந்தால் மொட்டைமாடியில் இன்னொரு வெயில் காட்டி, மில்லில் நின்று அரைத்து வாருங்கள்.