காத்தாடியைத் திருப்பி வைத்தால் மழை வருமா?

கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் பெருகிய காலத்திலிருந்து கரிசல்காட்டு டீக்கடைகளில் ஒரு வழக்கு இன்னும் தீர்ப்பாகாமல் நடந்துகொண்டிருக்கிறது. காத்தாடிதான் மழையை விரட்டுகிறது என்பது வாதம். ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கடையொன்றில் அந்தப் பேச்சு இப்படிப் போனது.

“காத்தாடி நட்ட நாள்ல இருந்துதான் மழையில்ல. வர்ற மேகத்தப் பூராம் தள்ளி விட்டுருது.”

“அப்படியா மாமா? அப்போ இன்னைக்கே மேல ஏறித் திருப்பி வச்சிருவோம். தள்ளுன மேகத்தப் பூராம் இழுத்துட்டு வந்துரும்ல?”

“ஏறும் மாப்ளே, ஏறும். எங்க அண்ணன் மகளுக்கு ஒரு வழி சொல்லிட்டு ஏறும்.”

கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகு பெஞ்சின் ஓரத்திலிருந்து இன்னொருவர் கேட்டார்: “வைகாசியில சுத்த ஆரம்பிக்கிது. ஐப்பசியில ஓஞ்சு போகுது. நமக்கு மழை எப்போ?”

விஷயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக வெறும் காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை வேகமாகச் சுற்றுவது அதனால்தான். கரிசலுக்கு மழை தருவது வடகிழக்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள். காத்தாடி சுற்றும்போது மழை இல்லை, மழை பெய்யும்போது காத்தாடி அவ்வளவாகச் சுற்றுவதில்லை. மாமா கண்ணால் கண்டது பொய்யில்லை, காரணம்தான் மாறிவிட்டது. ஒரு கேலியும் ஒரு கேள்வியும் சேர்ந்து அதைப் புரியவைத்தன. ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று யாரும் அவரைச் சொல்லவில்லை. மறுநாளும் அவர் அதே பெஞ்சில் வந்து உட்கார முடியும்.

கரிசல் கேலியின் மதிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். பொழுதுபோக்கு என்று அதை ஒதுக்குகிறவர்கள், அது செய்யும் வேலையைக் கவனிப்பதில்லை. மானாவாரி விவசாயத்தில் தப்புக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. புரட்டாசி விதைப்பைத் தவறவிட்டால் அடுத்த புரட்டாசிதான். ஆகவே ஒருவன் செய்த தப்பு ஊருக்கே உடனே தெரிந்தாக வேண்டும். செய்தவன் மனமும் ஒடிந்துவிடக் கூடாது. இரண்டையும் ஒருசேரச் செய்ய நக்கலைவிட நல்ல வழி அங்கே இல்லை.

விதைப்பு ஆழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே பருத்தியிலும் சோளத்திலும் ‘கே’ வரிசை ரகங்களைத் தந்தது. மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் முறையில், விதையைச் சுமார் 5 செ.மீ. ஆழத்தில் இறக்கச் சொல்கிறார்கள். மேலாக விழுந்த விதை முதல் தூறலை நம்பி முளைத்து, அடுத்த வெயிலில் கருகிவிடும். ஆழத்தில் கிடக்கும் விதை, நல்ல மழை இறங்கி மண் நனைந்த பிறகே முளைக்கும். விளக்கக் கையேட்டில் இதற்கு ஒரு பத்தி வேண்டும். டிராக்டரில் மேலோட்டமாக விதைத்துவிட்டு வந்தவரிடம் ஊர் கேட்பது ஒரு வரிதான்: “என்ன மாப்ளே, ஒங்க காட்டுல வெத மேல படுத்து வானத்த வேடிக்க பாக்குதாமே! கட்டில் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கலாம்ல?” அதைக் கேட்ட பிறகு அந்த ஊரில் எவரும் விதைப்புக் கருவியின் ஆழத்தைச் சரிபார்க்காமல் காட்டில் இறக்கமாட்டார். மருந்து அடிக்க டிரோன் வந்தபோது “அடிக்கிற மருந்து நம்ம காட்டுக்கா, பக்கத்து ஊருக்கா?” என்று கேட்டதும் இதே வகை. காற்றில் மருந்துத் துளி விலகிப்போகும் என்ற கவலை அதற்குள் இருக்கிறது.

இந்தப் பேச்சுக்குக் கட்டுப்பாடு உண்டு. மாமன், மச்சான், மாப்பிள்ளை, கொழுந்தன், மதினி முறைக்காரர்கள் ஒருவரையொருவர் எப்படியும் கேலி செய்யலாம். அண்ணன் தம்பிக்குள் அது கூடாது. சித்தப்பா, பெரியப்பாவிடம் வாய் திறக்கவே முடியாது. கேலி செய்தவன் பதிலுக்கு வாங்கிக்கொள்ளவும் வேண்டும். இந்த வரம்பு இருப்பதால்தான் பேச்சு எவ்வளவு கூர்மையாகப் போனாலும் கைகலப்பில் முடிவதில்லை.

இந்த வாயை எழுத்தில் ஏற்றியவர்கள் இடைசெவல்காரர்கள். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பால்ய நண்பர்கள். கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள அந்தச் சின்ன ஊர், 1970-லும் 1991-லும் இரண்டு சாகித்ய அகாதெமி விருதுகளைப் பெற்றது. கி.ரா.வின் ‘கதவு’ கதையில் குழந்தைகள் வீட்டுக் கதவில் ஏறி நின்று டிக்கெட் வாங்கி ஊர் ஊராகப் பயணம் போவதாக விளையாடுவார்கள். தீர்வை கட்டவில்லையென்று வரி வசூலிக்க வந்தவர்கள் அதே கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வண்டி வாங்க வழியில்லாத வீட்டின் சிரிப்பும் அழுகையும் அந்த ஒரே கதவில் இருக்கின்றன. பள்ளிப் படிப்பைத் தாண்டாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. நாட்டுப்புறக் கதைகளையும் வட்டார வழக்குகளையும் அறிவுச் செல்வமாக மதித்த முடிவு அது.

ஆனால், கரிசல் சிரிப்பை முழுவதும் கொண்டாட என்னால் முடியாது. முறை சொல்லி அழைக்க இடமில்லாதவனுக்கு அந்தப் பெஞ்சிலும் இடமில்லை. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்த கமலைக்குத் தோல் தைத்தவர்கள் அருந்ததியர்கள். அவர்கள் கைவேலை இல்லாமல் ஒரு குழி நிலத்துக்கும் தண்ணீர் பாய்ந்திருக்காது. ஊரார் அவர்களைக் கேலி பேசலாம், அவர்கள் திருப்பிப் பேச முடியாது. பதில் சொல்ல உரிமையில்லாதவனைப் பார்த்துச் சிரிப்பது கொடுமை, அதற்கு வேறு பெயர் தேவையில்லை. பூமணியின் ‘பிறகு’ நாவல் அந்த உலகத்துக்குள் நுழைந்து, செருப்புத் தைக்கும் அழகிரியை நாயகனாக்கியது. கேலியை மேல்நோக்கித் திருப்பும் துணிச்சலும் இந்த மண்ணில் உண்டு. எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, ‘சின்னச் சங்கரன் கதை’யில் ஜமீன் அரண்மனையையே கேலிக்கு ஆளாக்கினார்.

பெண்களின் கேலியோ அநேகமாகப் பதிவாகவே இல்லை. பாசிப்பயற்றுக் காட்டில் களை வெட்டும்போதும், தீப்பெட்டி ஆபீசில் கை ஓயாமல் வேலை ஓடும்போதும் அது பிறக்கிறது. களைக்கொல்லி வந்த புதிதில், “களைய மட்டுந்தான் கொல்லுதா மதினி, நம்ம கூலியையுஞ் சேத்தா?” என்று கேட்டதில் ஒரு பொருளாதாரப் பாடமே இருக்கிறது.

கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-ல் வெளிவந்தது. அதற்குப் பிறகு ரோட்டவேட்டர், மருந்து அடிக்கும் பேட்டரி டேங்க், டிரோன் என்று எத்தனையோ கருவிகள் காட்டுக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் ஊர் கேலி செய்துதான் உள்ளே சேர்த்திருக்கிறது. அந்தக் கேலிகளைத் தொகுக்க ஆள் வேண்டும். இந்தப் புரட்டாசி விதைப்புக்கு ஊருக்குப் போகிறவர்கள் கையில் இருக்கும் செல்போனில் அவற்றைப் பதிவு செய்யுங்கள். பேசியவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். யார் யாரைக் கேலி செய்தார், அவர்களுக்குள் என்ன முறை, எந்தக் கருவியைப் பற்றிய பேச்சு, எந்த மாதம் என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். களை வெட்டும் பெண்களிடமும், டீக்கடைப் பெஞ்சில் இடம் கிடைக்காதவர்களிடமும் முதலில் போய்க் கேளுங்கள்.