செராம்பூர் மூவரும் ஒரு சனிக்கிழமைக் கூட்டமும்

கிறிஸ்தவ ஊழியத்தில் "தாழ்மை" என்ற சொல் அடிக்கடி அடிபடும். பெரும்பாலும் அதை ஒரு குணமாகத்தான் பேசுவோம். "அவர் ரொம்ப தாழ்மையானவர்"னு சொல்லிட்டு, தலைமைப் பொறுப்பு முழுவதையும் அவர் கையில் கொடுத்துவிடுவோம்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறிய ஊழியக் குழு அப்படித்தான் உடைஞ்சது. பத்து வருஷமா கணக்கு ஒருத்தர்கிட்டேயே இருந்தது. அவர் ஒரு பைசா எடுக்கல. ஆனா அவ்வளவு நல்ல மனிதரிடம் கணக்கு கேட்க யாருக்கும் வாய் வரல. கேள்விகள் முதுகுக்குப் பின்னால் பேச்சாக மாறின. கடைசியில் குழுவே இரண்டாச்சு.

நல்லவர்கள் சேர்ந்து வேலை செய்தும் ஏன் இப்படி ஆகிறது? இந்தக் கேள்வியோடுதான் செராம்பூர் மிஷனின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். நான் இறையியல் படித்தவன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். அதனால் என் கண்ணில் முதலில் பட்டது அவர்களுடைய வேலைமுறை.

மூன்று ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனரிகள். வில்லியம் கேரி செருப்புத் தைத்தவர். ஜோசுவா மார்ஷ்மன் நெசவாளியின் மகன், பள்ளி ஆசிரியர். வில்லியம் வார்ட் அச்சுத் தொழிலாளி, பத்திரிகையும் நடத்தியவர். கேரி 1793-லேயே வங்காளம் வந்துவிட்டார். மற்ற இருவரும் 1799 அக்டோபரில் வந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை அனுமதிக்காததால், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் இருந்த டென்மார்க்காரர்களின் செராம்பூரில் தங்கினார்கள். நம்ம தரங்கம்பாடியும் அப்போ அதே டென்மார்க் அரசின் கீழேதான் இருந்தது.

இப்போ கேரியின் நிலையை யோசிச்சுப் பாருங்க. ஆறு வருஷ அனுபவம், வங்காள மொழி அறிவு, இங்கிலாந்தில் பெயர். எல்லா விதத்திலும் இவர்தான் சீனியர். ஆனாலும் வடக்கு வங்காளத்தில் தான் அமைத்திருந்ததை விட்டுவிட்டு, 1800 ஜனவரி 10-ஆம் தேதி புதியவர்கள் இருந்த இடத்துக்கு அவரே வந்து சேர்ந்தார்.

வந்த சில நாட்களிலேயே அவர்கள் குடும்ப விதிகள் வகுத்துக்கொண்டதை வார்டின் நாட்குறிப்பு சொல்கிறது. எல்லாக் குடும்பங்களும் ஒரே வளாகம், ஒரே சாப்பாட்டு மேசை. விதிகளில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, சுழற்சி. பிரசங்கமும் ஜெபமும் எல்லோருக்கும் முறை வைத்து வரும். வீட்டு நிர்வாகம் மாதத்துக்கு ஒருவர். எங்க துறையில் ஆன்-கால் ரொட்டேஷன் என்று சொல்வோமே, அதே கதைதான். இந்த மாதம் உத்தரவு போடுகிறவர், அடுத்த மாதம் அதே உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும். அது தெரிந்தால் உத்தரவின் தொனியே மாறிவிடும்.

இரண்டாவது, பொதுப் பணப்பை. 1801-இல் கேரி ஃபோர்ட் விலியம் கல்லூரியில் வங்காள மொழி கற்பிக்கச் சேர்ந்தார். மாதம் 500 ரூபாய், பிற்காலத்தில் 1000. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. மார்ஷ்மன் குடும்பத்தின் பள்ளிகளும் வார்டின் அச்சகமும் தனியாகச் சம்பாதித்தன. எல்லாமே ஒரே நிதிக்குப் போனது. சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்யக் கூடாது. அதிகம் சம்பாதிக்கிறவர் குரல் அதிகம் கேட்கும் என்ற வழக்கத்தை இது வேரிலேயே வெட்டியது.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சனிக்கிழமை சாயங்காலம் வேற வேலை கிடையாது. அந்த வாரத்தில் வந்த மனஸ்தாபங்களைப் பேசித் தீர்த்து, ஒருவரையொருவர் நேசிப்பதாக மறுபடி உறுதி எடுப்பார்கள். மறுநாள் ஞாயிறு ஆராதனை. காணிக்கை செலுத்தும் முன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை வாரத்தின் கால அட்டவணையிலேயே போட்டுவிட்ட மாதிரி. இங்கே கவனிக்க வேண்டியது, சண்டை வரும் என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டதுதான். "நாம எல்லாம் விசுவாசிகள், நமக்குள்ள என்ன பிரச்சினை"ன்னு அவர்கள் சொல்லவில்லை.

1805-இல் இன்னும் விரிவான உடன்படிக்கை எழுதினார்கள். வருஷத்துக்கு மூன்று முறை அதைப் பொதுவில் வாசிக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இந்தியக் கிறிஸ்தவர்களைத் தயார்ப்படுத்தி, சபைகளை அவர்களே நடத்தும்படி ஒப்படைக்க வேண்டும் என்பதும் உண்டு.

பலன் கண்ணுக்குத் தெரியும். 1801-இல் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. மொழிபெயர்ப்பு கேரி, அச்சு வார்ட், அச்செழுத்து வெட்டியவர் பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளக் கைவினைஞர். 1812 மார்ச்சில் அச்சகம் தீப்பிடித்து, கேரியின் கையெழுத்துப் பிரதிகள் பல எரிந்தன. அச்சு இயந்திரங்கள் தப்பின. எழுத்து வார்க்கும் அச்சுகளைச் சாம்பலுக்குள்ளிருந்து மீட்டு, உருகிய உலோகத்தில் எழுத்துகளை மறுபடி வார்த்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

சரி, குறையே இல்லையா? இருந்தது. "செராம்பூர் மூவர்" என்ற பெயரே ஒருவரை மறைக்கிறது. ஜோசுவாவின் மனைவி ஹன்னா மார்ஷ்மன் பள்ளிகளை நடத்தி நிதிக்குச் சம்பாதித்தார். கேரியின் மனைவி டாரதி மனநோயால் அவதிப்பட்ட காலத்தில், கவனிப்பாரற்றுக் கிடந்த பிள்ளைகளை ஹன்னாவும் வார்டும்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். வரலாறு எண்ணும்போது மட்டும் கணக்கு மூன்றோடு நின்றுபோச்சு.

பெரிய விரிசல் அடுத்த தலைமுறையோடு வந்தது. இங்கிலாந்தில் சங்கத்தின் செயலாளராக இருந்த ஆண்ட்ரூ ஃபுல்லர் இவர்களின் நண்பர். அவர் 1815-இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த குழு, செராம்பூர் சொத்துகள் யார் கட்டுப்பாட்டில் என்று கேட்க ஆரம்பித்தது. புதிதாக வந்த இளம் மிஷனரிகள், கேரியின் அண்ணன்-தம்பி வழி மகன் யூஸ்டஸ் உட்பட, பிரிந்து கல்கத்தாவில் தனியாக இயங்கினார்கள். 1823-இல் வார்ட் காலராவில் இறந்தார். 1827-இல் செராம்பூரும் தாய்ச் சங்கமும் முறைப்படி பிரிந்தன. கேரி 1834-இல் இறக்கும்போதும் அந்தப் பிரிவு அப்படியே இருந்தது. 1837-இல்தான் மறுபடி சேர முடிவாயிற்று. அதே வருஷம் டிசம்பரில் மார்ஷ்மனும் போய்ச் சேர்ந்தார்.

என் வாசிப்பு இதுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்த மூவருக்குள் தாழ்மை 23 வருஷம் நின்றது, காரணம் அதற்கு நேரமும் விதியும் ஒதுக்கப்பட்டிருந்தன. லண்டன் குழுவோடு இருந்தது நட்பு மட்டும்தான், நண்பர் போனதும் அதுவும் போனது. இளையவர்களுக்கு அந்த மேசையில் சம இடம் கிடைத்ததாக அவர்களுக்குத் தோன்றவில்லை. தாழ்மை, ஏற்பாடு எட்டிய தூரம்வரைதான் எட்டியது.

அதனால் எந்தச் சபைக் குழுவையும் ஊழிய டிரஸ்டையும் பார்த்து, தலைவர் தாழ்மையானவரா என்று கேட்பதற்கு முன் நான் கேட்க விரும்புவது நாலு கேள்வி. பொறுப்பு எப்போ கைமாறும்? பணத்தை எத்தனை பேர் பார்க்கலாம்? மனஸ்தாபத்தைப் பேச எந்தக் கிழமை ஒதுக்கியிருக்கீங்க? அந்த மேசையில் இன்னும் நாற்காலி கிடைக்காதவர் யார்?

கடைசிக் கேள்விக்குச் செராம்பூர்க்காரர்களாலேயே பதில் சொல்ல முடியல. அதனால்தான் அதை முதலில் கேட்கணும்.