காமரின் (கட்டடக்கலை)

காமரின் என்பது எசுப்பானியாவிலும் அதன் முன்னாள் குடியேற்ற நாடுகளிலும் உள்ள கத்தோலிக்கக் கோவில்களில், பலிபீடத்திற்குப் பின்னால், பெரும்பாலும் சற்று உயரத்தில் அமைந்த சிறு வழிபாட்டு அறை ஆகும். எசுப்பானிய மொழியில் இதற்குச் 'சிற்றறை' என்று பொருள். 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பரோக் கட்டடக்கலையில் இது பரவலாயிற்று.

பீடத்தின் பின் எழும் அலங்காரச் சுவரில் வளைவான திறப்பு ஒன்று விடப்படும். அதில் நிற்கும் சுரூபத்தின் முகம் மக்கள் பகுதியை நோக்கியிருக்க, முதுகுப்புறம் காமரினுக்குள் இருக்கும். அறையின் சன்னல்களிலிருந்து வரும் ஒளி சுரூபத்தைச் சூழ்ந்து தெரிவதால், கீழிருந்து காண்போருக்கு அது வேறோர் உலகில் நிற்பது போலத் தோன்றும்.

எசுப்பானிய மரியன்னை சுரூபங்கள் பலவற்றுக்கு உண்மையான துணியாடை அணிவிப்பது வழக்கம். சிலவற்றில் முகமும் கைகளும் மட்டுமே செதுக்கப்பட்டிருக்கும், மற்றது மரச்சட்டமே. விழாக்களுக்கேற்ப ஆடை மாற்றவும், காணிக்கை நகைகளைக் காக்கவும் மறைவான இடம் தேவைப்பட்டது. ஆடை மாற்றும் பணி 'கமரேரா' எனப்படும் பெண்களுக்கு உரியது. எனினும் காமரினை உடைமாற்றும் அறை என்று மட்டும் சொல்வது பொருந்தாது. தொலைவிலிருந்து மட்டுமே பார்க்கக்கூடிய சுரூபத்தைத் திருப்பயணிகள் படியேறி வந்து, அதன் ஆடையை முத்தமிடும் அளவுக்கு நெருங்க முடிந்தது இங்கேதான்.

எசுத்திரமதூராவிலுள்ள குவாதலூப்பே மடத்தின் காமரின் 1687-1696 காலத்தில் கட்டப்பட்டது. இத்தாலிய ஓவியர் லூக்கா சோர்தானோ வரைந்த ஒன்பது ஓவியங்களும், யூதித்து, எசுத்தர், ரூத்து உள்ளிட்ட எட்டு விவிலியப் பெண்களின் சிலைகளும் இதில் உள்ளன. சுரூபம் சுழலும் அரியணையில் அமர்ந்திருப்பதால், அதைக் காமரினில் நிற்போர் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்கள்.

எல்லாக் காமரின்களும் மரியாவுக்கு உரியவை அல்ல. எல் எசுக்கோரியல் மடத்தின் திருப்பொருள் அறையிலுள்ள காமரின், 1572இல் நெதர்லாந்தின் கோர்க்குமில் அவமதிக்கப்பட்டதாக நம்பப்படும் நற்கருணை அப்பத்திற்காக அமைந்தது. கிளாவுதியோ கோயெல்யோ 1690இல் முடித்த பெரிய ஓவியமே அதன் திரை. மண்டியிட்டிருக்கும் அரசர் இரண்டாம் கார்லோசைச் சித்திரிக்கும் அந்த ஓவியம் செப்டம்பர் 29, அக்டோபர் 28 ஆகிய நாள்களில் கீழே இறக்கப்படும். அப்போது பின்னாலுள்ள அறை தெரியும்.

மெக்சிக்கோவில் திலாசுக்காலாவின் ஒக்கோத்லான், தெப்போத்சோத்லான் ஆகிய இடங்களிலுள்ள எண்கோணக் காமரின்கள் பெயர்பெற்றவை. இரண்டாவது இன்று அருங்காட்சியகத்தின் பகுதியாக உள்ளது.