புகையைப் பிடித்து சோடா செய்த தூத்துக்குடி!

மீன் வாங்கினால் அம்மா அதைப் புளித் தண்ணீரில் அலசுவதைப் பார்த்திருப்பீர்கள். எதற்கு என்று கேட்டால், "கவிச்சி போகத்தான்" என்பார். அந்தக் கவிச்சி எங்கே போனது? அதில்தான் ஒரு பெரிய விஞ்ஞானச் சங்கதி இருக்கிறது, குழந்தைகளே!

மீன் வாடைக்கு முக்கியக் காரணம், 'அமீன்' என்ற ரசாயனப் பொருள். (மீன், அமீன் என்று பெயர் பொருந்தி வந்தது தற்செயல்தான்.) இது அம்மோனியாவுக்குச் சொந்தக்காரன். காரத்தன்மை உடையது. புளியோ அமிலம். அமிலத்தைக் கண்டதும் அமீன் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பின் அது காற்றில் பறக்காது. தண்ணீரோடு போய்விடும்.

கரியமில வாயுவும் தண்ணீரில் கரைந்தால் லேசான அமிலம்தான். அப்படியானால் அமீன் அதையும் பிடிக்குமா? பிடிக்கும்! 1930லேயே அமெரிக்காவில் பாட்டம்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

சரி, அதை ஏன் பிடிக்க வேண்டும்? நிலக்கரி எரியும்போது வரும் புகையில், நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு கரியமில வாயு. அது வானில் சேரச் சேர, பூமியின் சூடு ஏறுகிறது. ஆகவே, புகைபோக்கியிலேயே மடக்கிவிட்டால் நல்லது அல்லவா?

அப்படி மடக்கிய இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கீழப்பாவூரில் இருந்து பாவூர்சத்திரம் வந்து, நெல்லை போய் பஸ் மாறினால் தூத்துக்குடி. அங்குள்ள ஆல்கலி கெமிக்கல்ஸ் தொழிற்சாலையில் 2016ல் இந்த வேலை தொடங்கியது. நிலக்கரிக் கொதிகலனின் புகையை ஓர் உயரமான கோபுரத்தின் அடியில் விடுவார்கள். மேலிருந்து அமீன் கலந்த திரவம் மழை மாதிரி பொழியும். ஏறி வரும் புகையும் இறங்கி வரும் மழையும் சந்திக்கும்போது, கரியமில வாயு மட்டும் திரவத்தில் சிக்கிக்கொள்ளும். பிறகு அந்தத் திரவத்தை இன்னொரு கோபுரத்தில் நீராவியால் சூடாக்கினால், வாயு தனியே வெளிவரும். திரவம் மறுபடி வேலைக்குப் போய்விடும்.

கிடைத்த வாயுவை என்ன செய்தார்கள்? தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமா! உப்புக் கரைசலோடு அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்தால் சோடா உப்பு கிடைக்கும். அதைச் சூடாக்கினால் சலவை சோடா. கண்ணாடி செய்யவும், சலவைத் தூள் செய்யவும் அது வேண்டும். ஆண்டுக்கு 60 ஆயிரம் டன் வாயுவைப் பிடிக்கும்படி இந்த ஆலை அமைக்கப்பட்டது. திரவத்தை உருவாக்கியவர்கள் அனிருத்தா சர்மா, பிரதீக் பம்ப் என்ற இரண்டு இளைஞர்கள். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள். இந்தியாவில் பண உதவி கிடைக்காததால், லண்டன் போய் நிறுவனத்தை வளர்த்தார்கள் என்பது கொஞ்சம் வருத்தமான செய்தி.

60 ஆயிரம் டன் என்றால் மலைப்பாக இருக்கிறதா? ஒரு கணக்குப் போடுவோம். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால், சுமார் ஒரு கிலோ கரியமில வாயு வரும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் அமைத்தவை 210 மெகாவாட் அலகுகள். அப்படி ஓர் அலகு நாள் முழுவதும் ஓடினால், 50 லட்சம் யூனிட். அதாவது 5 ஆயிரம் டன் வாயு. வருடம் முழுக்கப் பிடிப்பது, ஓர் அலகின் 12 நாள் புகைக்குத்தான் சமம்!

பிறகு ஏன் எல்லா மின் நிலையங்களிலும் வைக்கவில்லை? வாயுவைப் பிடிப்பது சுலபம். விட வைப்பதுதான் கஷ்டம். வழக்கமான அமீன் திரவத்தில் பத்து டம்ளருக்கு ஏழு டம்ளர் தண்ணீர்தான். வாயுவைப் பிரிக்க 120 டிகிரி வரை சூடாக்கும்போது, அந்தத் தண்ணீரையும் சேர்த்தே சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கும் நிலக்கரிதானே எரிக்க வேண்டும்? போதாக்குறைக்கு, அமீன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடும். இரும்புக் குழாய்களையும் அரிக்கும்.

தூத்துக்குடித் திரவத்தில் அமீனோடு சில உப்புகளைச் சேர்த்து இந்தச் செலவைக் குறைத்தார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. உப்பையே திரவமாக்கிவிடுவது! சமையல் உப்பு உருக 801 டிகிரி சூடு வேண்டும். ஆனால் சாதாரண அறைச் சூட்டிலேயே எண்ணெய் போல ஓடும் உப்புகளும் உண்டு. 'அயனித் திரவம்' என்று பெயர். தண்ணீர் சேர்க்காமலே திரவமாக இருக்கும். சுலபத்தில் ஆவியாகாது. 2002ல் ஜேம்ஸ் டேவிஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரது குழுவினரும், இப்படியொரு உப்பின் மூலக்கூறிலேயே அமீனைக் கை போல ஒட்டவைத்தார்கள். அது கரியமில வாயுவைப் பிடித்தது. சூடாக்கியதும் விட்டது.

ஆனால் அதிலும் ஒரு தொல்லை. வாயுவைக் குடிக்கக் குடிக்க அந்தத் திரவம் பாகு போலக் கெட்டியாகிவிடுகிறது. பாகை எப்படிக் கோபுரத்தின் மேலிருந்து மழையாகப் பொழிவது? விலையும் அதிகம். அதனால் கொஞ்சம் தண்ணீர் கலந்தும், பஞ்சு போன்ற துளையுள்ள பொருள்களில் ஊறவைத்தும் விஞ்ஞானிகள் பரிசோதித்து வருகிறார்கள்.