கடைவரம்பு வரை ரத்தம் பாயவேண்டும்

"ஆப்பரேசன் முடிஞ்சும் பார்வ கூடல்லியே மக்ளே?" தோவாளையில் பூக்கட்டும் பாட்டிமார் முதல் குளச்சல் மீனவப் பெரியவர்கள் வரை என்னிடம் கேட்பது இதைத்தான். நாகர்கோவிலில் ஒரு கண் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பற்றி நோயாளிகளுக்கு விளக்குவது என் வேலை. கண்புரை எடுத்தால் சில நாளிலேயே பார்வை தெளியும். ஆனால் கண் அழுத்த நோயான குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது. மிச்சமிருப்பதைக் காக்கத்தான் அறுவை.

கண்ணுக்குள் ஒரு தெளிநீர் சுரந்து வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை பொதுவாக இயல்பு. அழுத்தம் ஏறும்போது பார்வை நரம்பு நசுங்குகிறது. அதன் நுண்குழாய்களில் ரத்தம் பாய்வதும் குறைகிறது. அணையில் தண்ணீர் குறைந்தாலும் கால்வாயில் அடைப்பு இருந்தாலும் காய்வது கடைவரம்பு வயல்தான். அதுபோல, உடலின் ரத்த அழுத்தம் மிகவும் இறங்கினாலும் நரம்பு வாடும். தூக்கத்தில் அது தானாகவே இறங்குகிறது. ராத்திரியில் பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் அதைக் கண் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சொட்டு மருந்தும் லேசரும் போதாதபோதுதான் கத்தி. இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையில் 1909இல் ராபர்ட் ஹென்றி எலியட் வெள்ளைவிழியின் ஓரத்தில் நுண்துளை போட்டு நீரை வெளியேற்றும் முறையைத் தொடங்கினார். இன்று பரவலாகச் செய்யும் டிரபெகுலெக்டமியை 1968இல் இங்கிலாந்தின் கெய்ர்ன்ஸ் விவரித்தார். மேல் இமைக்கு அடியில் சிறு மூடி வெட்டி, நீருக்குப் புதுவழி திறப்பார்கள். அதுவும் பலிக்காதவர்களுக்கு மதுரை ஆரோலேப் தயாரிக்கும் வடிகால் கருவி உண்டு. அழுத்தம் இறங்கினால் நரம்புக்கு ரத்தம் பாயத் தடை குறையும். ஆனால் அளவுக்கு மீறி இறங்குவதும் ஆபத்து. அதனால்தான் அடிக்கடி வரச்சொல்கிறோம். அறுத்த கண் பல வருஷம் கழித்துச் சிவந்து வலித்தாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும்.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 2.6 சதவீதம் பேருக்கு குளுக்கோமா இருந்தது. பெரும்பாலோருக்கு அதுவரை தெரியவே தெரியாது. வலி இல்லை, ஓரப்பார்வை முதலில் போவதால் கவனிப்பதும் இல்லை.

ஆகவே அறுவை முடிந்து போகிற ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்: "உங்க கூடப்பிறந்தவங்களும் பிள்ளைகளும் கண் பார்த்தாச்சா?" ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்தால் போதாது. கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.