தாத்தா துப்பாக்கி பரணில் கிடக்குதா? பேரன் கம்பி எண்ண வேண்டி வரும்!

திருச்சி,

திருச்சி துப்பாக்கி தொழிற்சாலை 1966-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. ராணுவத்துக்கு ரைபிள் செய்து அனுப்பும் ஊர் இது. ஆனால் இதே ஊரில் லைசென்சு இல்லாமல் வீட்டில் ஒரு பழைய துப்பாக்கி இருந்தாலும் ஜெயில்தான்!

"தாத்தா வச்சிருந்தது சார், சும்மா கிடக்குது" என்று சொல்லி தப்ப முடியாது. வீடு, நிலம் மாதிரி துப்பாக்கி தானாக வாரிசுக்கு வந்து சேராது. லைசென்சு தாத்தா பெயருக்குத்தான். அவர் இறந்ததும் அது முடிந்தது.

என்ன செய்யணும்?

தாமதிக்காமல் பக்கத்து போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற துப்பாக்கி கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் லைசென்சு கேட்கலாம். வேண்டாம் என்றால், லைசென்சு உள்ளவருக்கு விற்கலாம். கண்டுகொள்ளாமல் விட்டால் அரசு எடுத்துக்கொள்ளும்.

துருப்பிடித்ததுதானே என்ற அலட்சியமும் கூடாது. ரிப்பேர் பார்த்தால் சுடும் என்றாலே சட்டம் பாயும்.

யாரிடம் கேட்பது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீஸ் கமிஷனர் உள்ள இடத்தில் அவர்தான் லைசென்சு அதிகாரி. மற்ற இடத்தில் கலெக்டர். அதனால் ஸ்ரீரங்கம், உறையூர்காரர்கள் கமிஷனரிடமும், முசிறி, துறையூர்காரர்கள் கலெக்டரிடமும் மனு கொடுக்க வேண்டும்.

21 வயது நிரம்பி இருக்க வேண்டும். எதற்கு துப்பாக்கி என்று காரணம் சொல்ல வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. மனநிலை, உடல்நிலை பற்றிய டாக்டர் சான்றும் தேவை.

சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவை தள்ளக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. மனு தள்ளுபடியானால் மேல்முறையீடு செய்யலாம்.

2019-ம் ஆண்டு திருத்தப்படி ஒருவர் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முன்பு 3 வரை அனுமதி இருந்தது. லைசென்சு காலம் 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டாக உயர்ந்தது.

தண்டனை என்ன?

லைசென்சு இல்லாமல் சாதாரண துப்பாக்கி வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை ஜெயில், அபராதம். கள்ளத்தனமாக செய்தாலோ விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரை போகலாம்.

லைசென்சு இருந்தாலும் கல்யாண வீட்டில், திருவிழாவில் ஜாலிக்காக சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்.

எனவே பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணில் துப்பாக்கி கிடைத்தால், எடுத்து விளையாடாதீர்கள். நேராக போலீஸ் நிலையத்துக்கு போங்க, ரசீதை பத்திரமா வச்சுக்கோங்க!