வேலைக்கு வேண்டிய இங்கிலீஷ்

நம் சங்கத்துக் குடும்பங்களில் இங்கிலீஷ் தெரியாத பிள்ளை என்று இன்று யாரையும் சொல்வதற்கில்லை. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தியும் மராத்தியும், பள்ளியில் இங்கிலீஷ் என்று நான்கு மொழிகளோடு வளர்கிறார்கள். பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்குகிறார்கள். ஆனால் வேலைக்கு மனுப் போடுவது, இன்டர்வியூவில் பேசுவது, கம்பெனி வேலையாக வெளிநாடு போய் வருவது என்று வரும்போது பலருக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. டிப்ளமோவும் டிகிரியும் இருந்தும், இங்கிலீஷுக்குப் பயந்து சம்பளம் குறைந்த வேலையில் ஒதுங்கிக் கிடப்பவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

நான் இங்கிலீஷ் பண்டிதன் அல்லன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, நாக்பூரிலேயே ஓய்வு பெற்றவன். சில வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கட்டடத்தில் நம் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலைக்கான இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்த அனுபவத்தில் தோன்றியதை நம் பத்திரிகை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

ரயில்வே பேசும் இங்கிலீஷ்

பாதையில் வேலை நடக்கும் இடத்தில் ரயில் மெதுவாகப் போக வேண்டுமானால் டிரைவருக்கு காஷன் ஆர்டர் என்று ஒரு தாள் கொடுப்போம். உதாரணமாக, கிலோமீட்டர் 820/2 முதல் 820/8 வரை, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம், காரணம் இன்னது. அவ்வளவுதான். அதில் அலங்காரமும் இல்லை, ‘தயவுகூர்ந்து’ என்பதும் இல்லை. டிரைவர் அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்.

லெவல் கிராசிங்கில் இன்னும் ஒரு படி மேல. ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்டை மூடச் சொல்வார். கேட்மேன் மூடிப் பூட்டிய பிறகு, தன்னிடம் உள்ள தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பரைச் சொல்வார். ஸ்டேஷன் மாஸ்டர் அதை எழுதிக்கொண்ட பிறகுதான் அடுத்த காரியம். ‘சரி சார்’ என்ற வார்த்தையை ரயில்வே நம்புவதில்லை. சொன்னது போய்ச் சேர்ந்ததற்கும் காரியம் முடிந்ததற்கும் அத்தாட்சி கேட்கும். எண்களைச் சொல்லும்போதுகூட ‘தர்ட்டி’ என்று விட்டுவிடாமல் ‘த்ரீ ஜீரோ’ என்போம். இரைச்சலில் ‘தர்ட்டி’யும் ‘தர்ட்டீனும்’ ஒன்றுபோலக் கேட்கும்.

விமானத்துறை இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1977 மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயினைச் சேர்ந்த டெனரிஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, டச்சு விமானி ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை வைத்துச் சொன்ன ஒரு வாக்கியம். அவர் புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர், புறப்படத் தயாராக நிற்பதாக எடுத்துக்கொண்டார். இருவருக்குமே இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. அதற்குப் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை என்று முறை வகுத்தார்கள். 2008 முதல் சர்வதேச விமானிகளுக்கு இங்கிலீஷில் ஆறு படிகளில் குறைந்தது நான்காம் படி வேண்டும் என்பதும் விதியாயிற்று.

இதிலிருந்து நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வேலை இங்கிலீஷில் அழகு இரண்டாம் பட்சம். எதிரில் இருப்பவர் நாம் நினைத்ததையே புரிந்துகொண்டாரா என்பதே முதல் பட்சம்.

மனு எழுதும் முறை

நம் ஊர்க்காரர் ஒருவர் ஸ்டேஷன் பக்கம் இட்லி வண்டி வைத்திருக்கிறார். அவர் மகள் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஹிங்ணா தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் இரண்டு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் அம்மா ஒரு நாள் என்னிடம், “அண்ணே, எத்தனையோ கம்பெனிக்கு எழுதிப் போட்டுட்டா, ஒரு பதிலும் வரல. இவளுக்கு இங்கிலீஷ் பத்தலையோ என்னவோ, நீங்க கொஞ்சம் பாருங்க” என்றார்.

மனுவை வாங்கிப் பார்த்தேன். மாதிரிக் கடிதப் புத்தகத்திலிருந்து எடுத்த இரண்டு பக்கம். ‘வித் டியூ ரெஸ்பெக்ட் ஐ பெக் டு ஸ்டேட்’ என்று ஆரம்பித்து, தான் உண்மையானவள், உழைப்பாளி, நேரம் தவறாதவள் என்று அடுக்கி, ‘டூ தி நீட்ஃபுல்’ என்று முடித்திருந்தாள். இலக்கணத்தில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவளுக்கு என்ன வேலை தெரியும் என்று மட்டும் அதில் எங்கும் இல்லை.

“பட்டறையில் தினம் என்னம்மா செய்கிறாய்?” என்று கேட்டேன்.

“ஒரு நாளைக்கு இருநூறு பீஸ் மைக்ரோமீட்டர்ல அளந்து ரிஜிஸ்டர்ல எழுதுவேன் மாமா. சைஸ் தப்பினா மெஷினை நிறுத்தச் சொல்லுவேன்.”

“அதை ஏன் எழுதவில்லை?”

“அதெல்லாம் அப்ளிகேஷன்ல எழுதலாமா மாமா?”

அதைத்தான் எழுத வேண்டும் என்று சொல்லி, இருவருமாக உட்கார்ந்து ஐந்து வாக்கியத்தில் கடிதத்தை முடித்தோம். எந்த வேலைக்கு மனுச் செய்கிறேன். என்ன படித்திருக்கிறேன். இரண்டு வருடமாகத் தினம் என்ன செய்கிறேன். அது உங்கள் வேலைக்கு எப்படி உதவும். எந்தத் தேதியிலிருந்து சேர முடியும். இவ்வளவுதான். அந்தக் கடிதத்துக்கு பூட்டிபோரியில் உள்ள ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூ வந்தது.

நம் ஆபீஸ் கடிதங்களின் பழைய சொற்கள் வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து. அவர்கள் நாட்டிலேயே அதற்கு மறுப்பு எழுந்தது. பிரிட்டிஷ் நிதித்துறையின் வேண்டுகோளின்படி சர் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற மூத்த அதிகாரி, அரசு ஊழியர்கள் எளிமையாக எழுதுவதற்காகவே ‘பிளெய்ன் வேர்ட்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அது வெளிவந்தது 1948இல். நாம் இன்னும் ‘ஐ பெக் டு ஸ்டேட்’ எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நமக்குப் புரியும், பிறருக்குப் புரியாது

நமக்குள் வழங்கும் இங்கிலீஷ் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நாக்பூர் ஆபீசில் எழுதினால் சென்னை ஆபீசில் புரியும். வெளிநாட்டவரோடு பேசும்போதுதான் கவனம் வேண்டும்.

‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்றால் நாம் படிப்பை முடித்ததைச் சொல்கிறோம். வெள்ளைக்காரர் காதில், மயக்கம் போட்டு விழுந்ததாகக் கேட்கும். ‘ஐ ஹாவ் எ டௌட்’ என்பது நம் ‘சந்தேகம்’ என்ற சொல்லின் நேர் பெயர்ப்பு. கேட்பவருக்கு, தன் பேச்சை நம்பவில்லை என்று தோன்றும். ‘ஐ ஹாவ் எ கொஸ்சன்’ என்றால் வம்பில்லை. லட்சமும் கோடியும் பலருக்குத் தெரியாது. பத்து லட்சத்தை ஒரு மில்லியன் என்று சொல்ல வேண்டும். தேதியில் 5/6 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வடக்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’ என்று முன்னால் ஒரு ‘இ’ ஒட்டிக்கொள்கிறது. கொஞ்சம் சத்தமாகப் படித்துப் பழகினால் போய்விடும்.

உச்சரிப்பைப் பற்றி அதற்கு மேல் கவலைப்படாதீர்கள். என் சர்வீசில், கல் ஜல்லியை இறுக்கும் டேம்பிங் மெஷினைப் பார்க்க ஆஸ்திரியாவிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். அவர் இங்கிலீஷ் நம்முடையதைவிடச் சுமார். ‘திஸ் வால்வ், நோ பிரஷர். டுமாரோ சேஞ்ச். டுடே டோன்ட் ரன்’ என்பார். நாங்கள் ஒருவரும் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதில்லை. உலகத்தில் வேலை நடக்கும் இங்கிலீஷில் பெரும்பகுதி இப்படி, தாய்மொழி வேறாக உள்ள இரண்டு பேருக்கு இடையில்தான் நடக்கிறது.

இன்டர்வியூவும் பிரயாணமும்

இன்டர்வியூவில் கேள்வி புரியாவிட்டால் தலையை ஆட்டக் கூடாது. ‘குட் யூ ப்ளீஸ் ரிபீட் தட்?’ என்று கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. பாதி புரிந்தால், புரிந்ததைத் திருப்பிச் சொல்லி, ‘இஸ் தட் ரைட்?’ என்று கேட்க வேண்டும். அது நம் பிரைவேட் நம்பர் மாதிரி. இட்லி வண்டிக்காரர் மகள் அப்படி இரண்டு முறை கேட்டாளாம். தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது.

மூன்றாம் வருடம், வாங்கப்போகும் ஒரு மெஷினை அங்கேயே பரிசோதித்து ஏற்றுக்கொள்ள, ஒரு சீனியரோடு அவளை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். புறப்படும் முன் என்னிடம் வந்தாள். விமான நிலையத்தில் கேட்கக்கூடியவை நான்கு: எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், யார் அழைத்தார்கள். நான்குக்கும் ஒவ்வொரு வரி பதில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். பிசினஸ் விசாவில் போகிறவர் ‘ஐ ஹாவ் கம் டு வொர்க்’ என்று சொன்னால், அங்கே உத்தியோகம் பார்க்க வந்ததாக அதிகாரி எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வேறு விசா. மீட்டிங்குக்கு வந்தால் மீட்டிங், மெஷின் பார்க்க வந்தால் மெஷின் இன்ஸ்பெக்ஷன் என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அழைப்புக் கடிதத்தின் நகல் கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. அங்கே மீட்டிங் முடிந்த அன்றே, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாகப் பேச்சு என்று நான்கு வரி ஈமெயில் அனுப்பிவிட வேண்டும். பேச்சில் விட்டது அதில் தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு

முப்பது நாளில் இங்கிலீஷ் என்று சுவரொட்டி பார்த்துப் பணம் கட்டாதீர்கள். ஐஇஎல்டிஎஸ் பரீட்சைக்கும் எல்லாரும் ஓட வேண்டியதில்லை. கம்பெனியோ, கல்லூரியோ, விசா அதிகாரிகளோ கேட்டால் மட்டும் எழுதலாம். அதன் மதிப்பெண்ணைப் பொதுவாக இரண்டு வருடத்துக்குத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். அதன் பொதுப்பிரிவு எழுத்துத் தேர்விலும் கேட்பது, 150 வார்த்தையில் ஒரு கடிதமும் 250 வார்த்தையில் ஒரு கட்டுரையும்தான்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. ரயில்வேயில் தினமும் டைரி எழுத வேண்டும். எங்கே போனேன், என்ன பார்த்தேன், என்ன செய்யச் சொன்னேன் என்று நான்கைந்து வரி. அந்த டைரிதான் எனக்கு இங்கிலீஷ் வாத்தியார். உங்கள் பிள்ளையையும் தினம் ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் ‘ஹிதவாத’ பத்திரிகையில் ஒரு செய்தியைப் பத்து நிமிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

இங்கிலீஷ் வர வேண்டும் என்பதற்காக வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். ‘இன்று வேலையில் என்ன நடந்தது?’ என்று கேட்டால் முதல், நடு, முடிவு என்று தமிழில் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இங்கிலீஷில் வார்த்தை மட்டும்தான் தேடவேண்டியிருக்கும். எந்த மொழியிலும் கோவையாகச் சொல்ல வராத பிள்ளைக்குத்தான் இன்டர்வியூவில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்கக் கட்டடத்தில் இருப்பேன். கட்டணம் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகமும், இதுவரை அனுப்பிப் பதில் வராத மனு இருந்தால் அதன் ஒரு நகலும் கொண்டு வரச் சொல்லுங்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.